எடுத்தாள வருகிறவர்களுக்கு

புதிதாக நாடகம் போட வரும் பிள்ளைகள் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். “ஒரு சினிமாவையோ சிறுகதையையோ கூத்தையோ எடுத்து மேடையில் செய்தால் காப்பியடித்துவிட்டோம் என்பார்களா?” சொல்வார்கள், சொல்லட்டும். என் கவலை வேறு. இன்னொரு கலையிலிருந்து எடுக்கிறவர்கள் பெரும்பாலும் போதிய அளவு எடுப்பதில்லை. கண்ணுக்குப் பட்டதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அது அங்கே எதனால் உயிரோடு இருந்ததோ அதை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள். பரிசோதனை நாடகம் என்ற பெயரில் நாம் பார்க்கும் சோர்வான நிகழ்வுகளில் பாதிக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதனால், எடுத்தாள்வது பற்றி எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்லி வைக்கிறேன்.

1. எடுத்ததை ஒளிக்காதீர்கள்.

ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் ‘மூன்று காசு ஓபரா’ 1928-இல் பெர்லினில் அரங்கேறியது. 1728-இல் லண்டனில் ஜான் கே எழுதிய ‘பிச்சைக்காரர் ஓபரா’வின் தழுவல் அது. பாட்டுகள் சிலவற்றில் பிரெஞ்சுக் கவி வியோனின் ஜெர்மன் மொழிபெயர்ப்பிலிருந்து வரிகள் அப்படியே வந்திருந்தன. மறு ஆண்டு விமர்சகர் ஆல்ஃபிரட் கெர் அதை வெளியே கொண்டுவந்தார். பிரெக்ட் மறுக்கவில்லை. அறிவுச் சொத்து விஷயத்தில் தனக்குக் கொள்கையளவிலேயே கெடுபிடி கிடையாது என்று பதில் சொன்னார்.

அந்தப் பதிலை நம் ஆட்கள் பெருமையாக எடுத்துச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். பழைய நாடகத்தின் திருடர்களையும் பிச்சைக்காரர்களையும் வைத்துத் தன் காலத்து முதலாளிகளைக் காட்டினாரே, அது பெரிய வேலை. ஆனால் ஜான் கேயின் பிரதியை ஜெர்மனில் மொழிபெயர்த்துக் கொடுத்தவர் எலிசபெத் ஹாப்ட்மன். அவருடைய பங்கு வெகுகாலம் பேசப்படாமலே கிடந்தது. நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்த வியோனுக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து உழைத்தவருக்குத்தான் நஷ்டம். எடுப்பதில் நியாயம் எது, அநியாயம் எது என்று குழம்பும்போது இந்த வித்தியாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

2. முதலில் அச்சுப் பிசகாமல் நகலெடுத்துப் பாருங்கள்.

இதைச் சொன்னால் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். ‘எங்களுடைய சொந்தப் பார்வை எங்கே போகும்?’ என்கிறார்கள். எங்கும் போகாது. நியூயார்க்கின் வூஸ்டர் குழு செய்த ஹாம்லெட்டைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

1964-இல் ஜான் கீல்கட் இயக்கத்தில் ரிச்சர்ட் பர்ட்டன் பிராட்வேயில் ஹாம்லெட் நடித்தார். அந்த நாடகத்தைப் பல கேமராக்கள் வைத்துப் படம் பிடித்து, அமெரிக்கா முழுக்கத் திரையரங்குகளில் இரண்டே நாள் காட்டினார்கள். அத்தோடு படச்சுருள்களை அழித்துவிடுவதாக ஏற்பாடு. ஆனால் படம் தப்பிப் பிழைத்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து எலிசபெத் லெகாம்ப்ட்டின் வூஸ்டர் குழு அந்தப் படத்தை மேடையின் பின்திரையில் ஓட்டி, அதன் முன்னால் நின்று, அதில் உள்ளவர்கள் செய்வதை அப்படியே செய்தது. 2007-இல் நியூயார்க்கில் அதை நிகழ்த்தினார்கள். ஹாம்லெட்டாக நடித்தவர் ஸ்காட் ஷெப்பர்ட்.

அப்படியே என்றால் அப்படியேதான். பர்ட்டன் கையை உயர்த்தினால் ஷெப்பர்டின் கையும் உயரும். படத்தில் கேமரா நெருங்கிப் போனால், நடிகர் மேடையில் பார்வையாளரை நோக்கி நகர்ந்து வருவார். கோணம் மாறினால் நடிகர்கள் மேசை நாற்காலியோடு தாங்களும் திரும்பி, படத்தில் தெரியும் அதே கோணத்துக்கு வருவார்கள். பழைய படம் ஒரு இடத்தில் விட்டுத் துள்ளினால் நடிகரின் உடம்பும் வெட்டியிழுத்தாற்போல் துள்ளும். படத்திலிருந்த உருவங்களைக் குழுவே சில இடங்களில் அழித்திருந்தது. பர்ட்டன் நின்ற இடத்தில் வெறும் நிழல் மங்கலாக ஆடும். அதைப் பார்த்துத்தான் இங்கே ஒருவர் நடிக்க வேண்டும்.

இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? சினிமாவில் கேமரா ஒரு நொடியில் செய்வதை மேடையில் ஒரு உடம்பு மூச்சு வாங்கிக்கொண்டு, மேசையைத் தள்ளிக்கொண்டு செய்ய வேண்டியிருக்கிறது. நகல் எவ்வளவு கறாராக இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்த மூச்சும் தள்ளலும் வெளியே தெரிகின்றன. செத்துப்போன தகப்பனின் ஆவி மகனை ஏவுகிற கதை ஹாம்லெட். செத்துப்போன நடிகரின் பிம்பம் உயிரோடு இருக்கும் நடிகரை ஏவுவதாக அது மேடையில் மாறிவிட்டது. கறாராக நகலெடுத்திருக்காவிட்டால் இந்தப் பொருள் கிடைத்திருக்காது.

ஒத்திகையில் இதைச் செய்து பாருங்கள். எடுத்துக்கொண்ட படைப்பிலிருந்து ஐந்து நிமிடத்தைத் தேர்ந்து, எதையும் கூட்டாமல் குறைக்காமல் மேடைக்குக் கொண்டுவாருங்கள். எது வர மறுக்கிறது என்று குறித்து வையுங்கள். உங்கள் நாடகத்தை அந்தக் குறிப்புகளிலிருந்து தொடங்குங்கள்.

3. பதிவைப் பார்த்துப் படிக்கிறவர் கேமராக்காரரையும் சேர்த்தே படிக்கிறார்.

இன்று யாரும் எதையும் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம். நல்லதுதான். ஆனால் ஒரு கூத்தின் காணொளியில் உங்களுக்குத் தெரிவது முகமும் கிரீடமும்தான். கால் என்ன செய்தது, மேளக்காரர் எப்போது நிமிர்ந்து பார்த்தார், ஓரத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி எந்த இடத்தில் சிரித்தார் என்பதெல்லாம் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டன. பதிவிலிருந்து எடுக்கிறவர் இதைத் தெரிந்து எடுக்க வேண்டும். வூஸ்டர் குழுவுக்கு அது தெரியும். அதனால்தான் கேமராவின் அசைவையும் சேர்த்து நடித்தார்கள்.

4. ஒப்பனையை விட்டுவிட்டு வேலையை எடுங்கள்.

1935-இல் மாஸ்கோவில் பிரெக்ட் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கைப் பார்த்தார். அந்த நடிப்பைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை பெயர்பெற்றது. மெய் லான்ஃபாங் வேஷம் கட்டாமல், ஒப்பனை இல்லாமல், விருந்துக்கு உடுத்தும் மேல்நாட்டு உடையில் நின்று பெண் பாத்திரத்தின் அசைவுகளைச் செய்து காட்டியதை அதில் சொல்கிறார். பட்டும் முகப்பூச்சும் போன பிறகும் கலை அப்படியே நின்றது. நடிகர் பாத்திரத்துக்குள் கரைந்துபோகாமல், அதைக் காட்டுகிறவராகவும் தன்னைத் தானே பார்க்கிறவராகவும் இருக்கிறார் என்பதைத்தான் பிரெக்ட் எடுத்துக்கொண்டார். சீன உடையைத் தன் நடிகர்களுக்கு மாட்டிவிடவில்லை.

நம் ஊருக்கு வருவோம். தெருக்கூத்தை நவீன நாடகத்துக்குக் கொண்டுவருகிறேன் என்கிறவர்கள் முதலில் போய்ப் பிடிப்பது கிரீடத்தையும் புஜகீர்த்தியையும்தான். அடுத்தது கட்டியக்காரன். எந்த நாடகத்திலும் இரண்டு நகைச்சுவை சொல்ல அவனைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். பின்பாட்டை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

பின்பாட்டு என்ன செய்கிறது என்று கூத்துக் களரியில் கிட்டே உட்கார்ந்து கவனியுங்கள். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் வருகிறான். தோளிலும் மார்பிலும் தலையிலும் கட்டை கட்டியிருக்கிறான். காலில் சலங்கை. தன் வருகையைத் தானே பாடி ஆட வேண்டும். ஒரு வரியை உச்சத்தில் பாடி விடுகிறான். உடனே பின்னால் நிற்கிறவர்கள் அதே வரியை வாங்கிக்கொள்கிறார்கள். அவர்கள் அதைப் பாடி முடிக்கும் வரை அவன் சுற்றிச் சுழன்று ஆடுகிறான். மூச்சைப் பிடிக்கிறான். அடுத்த வரிக்குத் தயாராகி முன்னால் வந்து நிற்கிறான். விடியும் வரை ஆட வேண்டிய உடம்புக்கு அதுதான் தெம்பு. அதே சமயம், ஒரு வரியை இரண்டாம் முறை வேறு குரல்களில் கேட்கிற ஊர்க்காரருக்கு, அரசனின் வீராப்பை ஊரே வாங்கி எடை போடுவதுபோல் இருக்கிறது. ஒரே ஏற்பாட்டில் நடிகருக்கு மூச்சும் பார்வையாளருக்கு யோசிக்க இடமும் கிடைக்கின்றன.

கட்டியக்காரனும் அப்படித்தான். ‘வந்திருப்பது யார்?’ என்று வேஷத்தைக் கேள்வி கேட்கிறவன் அவன். எவ்வளவு பெரிய மன்னனானாலும் அவனுக்குப் பதில் சொல்லித்தான் உள்ளே வர வேண்டும். சிரிப்பு அதனால் வருகிறது. கேள்வியை எடுத்துவிட்டுச் சிரிப்பை மட்டும் கொண்டுவந்தால் அவன் வெறும் கோமாளி.

உங்கள் நாடகத்தில் கிரீடமே வேண்டாம். ஜீன்ஸ் போட்ட ஒரு பெண் கம்பெனி முதலாளியாக வந்து பேசட்டும். அவள் வாக்கியத்தை மூன்று பேர் பின்னால் நின்று வாங்கித் திருப்பிச் சொல்லட்டும். அதில் கூத்து இருக்கும்.

5. கற்றுக்கொடுக்கிறவரைத் தேடிப் போங்கள்.

1977-இல் ந.முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையில் நடிகர்கள் கூத்துப் பயின்றது புரிசை கண்ணப்ப தம்பிரானிடம். நவீன நாடகத்துக்குத் தெருக்கூத்திலிருந்து கிடைத்ததெல்லாம் அப்படி ஒருவர் காலடியில் நின்று அடவு போட்டுக் கிடைத்தது. கூத்தைப் பற்றி முத்துசாமி எழுதியவை ‘அன்று பூட்டிய வண்டி’ என்ற நூலில் இருக்கின்றன. படித்துவிட்டு ஒத்திகைக்கு வாருங்கள்.

அதே குடும்பத்தைத் தேடிப் பாரீஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அரியான் நூஷ்கினின் தியேத்ர் து சொலெய் 2016-இல் ‘இந்தியாவில் ஓர் அறை’ என்ற நாடகத்தை உருவாக்கியது. இந்தியாவில் வந்து மாட்டிக்கொண்ட ஒரு பிரெஞ்சு நாடகக் குழு, உலகம் இப்படி எரியும்போது நாடகம் எதற்கு என்று தவிக்கிறது. அந்தத் தவிப்புக்கு நடுவே பாரதக் கூத்துக் காட்சிகள் வருகின்றன. பாஞ்சாலியின் துகிலுரிதல் வருகிறது, கர்ணனின் சாவு வருகிறது. புரிசை கண்ணப்ப சம்பந்தன் அந்த நடிகர்களுக்குக் கூத்துக் கற்றுக்கொடுத்தார். பல நாட்டு நடிகர்கள் அடவு கற்று, தமிழிலேயே பாடி ஆடினார்கள். மறு ஆண்டு நியூயார்க்கிலும் அது நிகழ்ந்தது.

ஐரோப்பியர்கள் நம் கலையை எடுத்ததில் எல்லாமே இப்படி இருந்ததில்லை. இயக்குநர் பீட்டர் புரூக் 1985-இல் அவிஞோனில் ஒன்பது மணி நேர மகாபாரதம் செய்தபோது, கதையை அது பிறந்த மண்ணிலிருந்து பிடுங்கிவிட்டார் என்று விமர்சகர் ருஸ்தம் பருச்சா கடுமையாக எழுதினார். அந்த வாதத்தைப் படியுங்கள். வெள்ளைக்காரருக்கு எதிரான வாதமாக மட்டும் படிக்க வேண்டாம். சென்னையிலிருந்து கூத்து நடக்கும் செய்யாறு பக்கம் போய் இரண்டு நாளில் கூத்தை ‘எடுத்துக்கொண்டு’ திரும்புகிற நமக்கும் அது பொருந்தும்.

6. சிறுகதையை எடுத்தால் சொல்கிறவரையும் எடுங்கள்.

கதையின் சம்பவங்களையும் உரையாடல்களையும் பிரித்தெடுத்துக் காட்சிகளாக்குவது எளிது. கதை செத்துப்போவதும் அங்கேதான். நல்ல சிறுகதையில் பாதி உயிர் சொல்கிற குரலில் இருக்கிறது. அந்தக் குரலை மேடையில் எங்கே வைப்பது?

நியூயார்க்கின் எலிவேட்டர் ரிப்பேர் சர்வீஸ் குழு ‘கேட்ஸ்’ நாடகத்தில் இதற்கு முரட்டுத்தனமான ஒரு பதில் கொடுத்தது. ஃபிட்ஸ்ஜெரால்டின் 1925-ஆம் ஆண்டு நாவல் ‘தி கிரேட் கேட்ஸ்பி’யை ஒரு சொல் விடாமல் மேடையில் வாசிப்பது. ஒரு மங்கலான அலுவலகம். கணினி வேலை செய்ய மறுக்கிறது. ஊழியர் ஒருவர் மேசையில் கிடந்த நாவலை எடுத்துச் சத்தமாக வாசிக்கத் தொடங்குகிறார். சுற்றியிருக்கும் சக ஊழியர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பாத்திரங்களாகிவிடுகிறார்கள். இடைவேளைகளோடு சுமார் எட்டு மணி நேரம். வாசிக்கிறவர் நாம் முன்னே பார்த்த அதே ஸ்காட் ஷெப்பர்ட். ‘என்று அவன் சொன்னான்’ என்பதைக்கூட அவர்கள் வெட்டவில்லை. வெட்டாததால், சொல்கிறவருக்கும் நடக்கிறதற்கும் உள்ள தூரம் மேடையில் கண்ணால் பார்க்கிற விஷயமாகிவிட்டது.

எல்லாரும் எட்டு மணி நேரம் வாசிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கதைசொல்லியை வெட்டும் முன் ஒரு வாரம் அவரை மேடையில் வைத்துப் பாருங்கள்.

7. ப்ரொஜெக்டர் இருக்கிறதென்று சினிமாவைக் காட்டாதீர்கள்.

நடிகருக்குப் பின்னால் ஆறடி முகம் ஓடினால் பார்வையாளர் அந்த முகத்தைத்தான் பார்ப்பார். நடிகரும் திரையும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுவதற்குக் காரணம் இருந்தால் வையுங்கள். இல்லாவிட்டால் வாடகைக் காசை நடிகர்களின் சாப்பாட்டுக்குச் செலவழியுங்கள்.

8. ஓவியத்தை எடுத்தால் ஓவியரின் கையை எடுங்கள்.

படத்தில் உள்ளபடி நான்கு பேரை உறைந்து நிற்க வைப்பது ஓவியத்தின் தழுவல் ஆகிவிடாது. போலந்துக்காரர் ததேயுஷ் காந்தோர் ஓவியராக இருந்து நாடகத்துக்கு வந்தவர். 1975-இல் செய்த ‘செத்த வகுப்பு’ நிகழ்வு முழுவதும் அவரே மேடையில் நின்றார். நடிகர்களுக்கு நடுவே நடந்து, சைகை காட்டி, அவர்களைத் திருத்திக்கொண்டிருந்தார். தன் படத்தை விட்டு விலக முடியாமல் மேலும் ஒரு கோடு இழுக்கிற ஓவியரின் செயல் அப்படி மேடைக்கு வந்தது. முதியவர்கள் தங்கள் குழந்தைப் பருவத்தைப் பொம்மைகளாகச் சுமந்துகொண்டு பள்ளி பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

9. சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கலைஞருக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைக்காதீர்கள். இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் மறைந்த ஆண்டுக்குப் பிறகு அறுபது ஆண்டுகள் உரிமை நிற்கிறது. 1956-இல் மறைந்த பிரெக்டின் மூலப் பிரதிகளுக்கு இங்கே 2016-ஓடு உரிமை முடிந்தது. ஆனால் நீங்கள் கையில் வைத்திருக்கும் தமிழ் மொழிபெயர்ப்புக்கு அதன் மொழிபெயர்ப்பாளர் உரிமையாளர். கட்டணம் வாங்காமல் ஒரு அமெச்சூர் குழு நிகழ்த்துவதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. தழுவி எழுதுவது அதிலிருந்து தனி உரிமை. இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள்.

கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை. அதை வெளியிட்ட விதத்துக்குத்தான் உண்டு. நம் நாட்டில் இதை நிலைநாட்டிய வழக்கே ஒரு நாடகத்தைப் பற்றியதுதான். ஆர்.ஜி.ஆனந்த் என்பவரின் ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்ற நாடகத்தைப் பார்த்து 1956-ஆம் ஆண்டின் ‘நியூ டெல்லி’ படம் எடுக்கப்பட்டது என்று வழக்கு. 1978-இல் உச்ச நீதிமன்றம் படத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. இரண்டையும் பார்த்தவருக்குப் பின்னது முன்னதின் நகல் என்று சந்தேகத்துக்கு இடமின்றித் தோன்றுகிறதா என்பதே உரைகல் என்றது. நாடகக்காரர் தோற்றார் என்பதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்தத் தீர்ப்பு நமக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

அனுமதி கிடைக்காமலும் போகும். வூஸ்டர் குழு 1984-இல் ‘எல்.எஸ்.டி.’ என்ற நிகழ்வில் ஆர்தர் மில்லரின் ‘தி குருசிபிள்’ பகுதிகளைப் பயன்படுத்தியது. மில்லர் சம்மதிக்கவில்லை. வழக்குப் போடுவதாகக் கடிதம் வந்தது. நிகழ்வு நின்றது. அதே ஆண்டு இயக்குநர் ஜோஆன் அகலைட்டிஸ் பெக்கெட்டின் ‘எண்ட்கேம்’ நாடகத்தைப் பாழடைந்த சுரங்க ரயில் பாதையில் வைத்துச் செய்தபோது பெக்கெட் எதிர்த்தார். அவருடைய எதிர்ப்பை நிகழ்ச்சித் தாளிலேயே அச்சிட்டுக் கொடுக்கும் சமரசத்தோடு நாடகம் நடந்தது. ‘கேட்ஸ்’ குழுவுக்கு நியூயார்க்கில் உரிமை கிடைக்கவில்லை. வெளிநாடுகளிலும் வேறு ஊர்களிலும் போட்டுக்கொண்டிருந்துவிட்டு, 2010-இல்தான் சொந்த ஊர் மேடைக்கு வந்தார்கள். காத்திருந்த காலத்தில் நாடகம் முறுகியது. நீங்களும் ஒத்திகை தொடங்கும் முன்பே கடிதம் எழுதிவிடுங்கள். அரங்கேற்றத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது எழுதுகிற கடிதத்தை யாரும் மதிக்க மாட்டார்கள்.

10. உங்களிடமிருந்து எடுத்தால் என்ன செய்வீர்கள் என்று இப்போதே யோசியுங்கள்.

பெல்ஜியம் நடன அமைப்பாளர் ஆன் தெரேசா தெ கேர்ஸ்மாக்கர் 1983-இல் ‘ரோசாஸ் தான்ஸ்ட் ரோசாஸ்’ படைத்தார். நாற்காலியில் அமர்ந்த நான்கு பெண்கள். தலையைத் திருப்புவது, முடியைக் கோதுவது, தோளிலிருந்து சட்டையை நழுவவிடுவது என்று அன்றாட அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் நடனம். 2011-இல் பாடகி பியான்சேயின் ‘கவுண்ட்டவுன்’ காணொளியில் அதே அசைவுகளும் காட்சிகளும் கேட்காமல் வந்தன. தெ கேர்ஸ்மாக்கர் வெளிப்படையாகக் கண்டித்தார். அதோடு நிற்கவில்லை. 2013-இல் அந்த நாற்காலி நடனத்தைப் படிப்படியாகக் கற்றுக்கொடுக்கும் காணொளிகளை வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் ஆடி அனுப்புங்கள் என்று அழைத்தார். பள்ளிப் பிள்ளைகளும் முதியவர்களும் பல நாடுகளிலிருந்து ஆடி அனுப்பினார்கள். கேட்காமல் எடுத்ததைக் கண்டிக்கவும், கேட்டு வருகிறவர்களுக்கு வாரிக் கொடுக்கவும் ஒரே ஆளால் முடியும்.

11. பெயரையும் பணத்தையும் தள்ளிப்போடாதீர்கள்.

எந்தக் கதையிலிருந்து, யார் மொழிபெயர்ப்பிலிருந்து, எந்தப் படத்திலிருந்து எடுத்தீர்கள் என்று துண்டறிக்கையில் உங்கள் பெயருக்கு மேலே போடுங்கள். அடவு சொல்லிக்கொடுத்த வாத்தியாரின் பெயரை ஊரோடு சேர்த்துப் போடுங்கள். ‘நன்றி’ என்ற தலைப்பின் கீழ் ஒலிபெருக்கிக்காரர் வரிசையில் தள்ளாதீர்கள். அவருக்கு உரிய தொகையை ஒத்திகை தொடங்கும்போதே பேசி, அரங்கேற்றத்துக்கு முந்தைய நாளே கையில் கொடுத்துவிடுங்கள். கூத்து நடக்கும் மாதங்களில் அவரை ஒத்திகைக்கு இழுக்காதீர்கள். அவர் குழுவுக்கு வருமானம் வருகிற காலம் அது. நாடகம் தயாரானதும் அவருடைய ஊருக்கே கொண்டுபோய் ஒரு இரவு போடுங்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பிறகு சென்னையில் போடுங்கள்.